ரிப்பேர் காசுக்குப் புதுசே வாங்கிடலாமா?

மிக்ஸியில் கப்ளர் தேய்ந்து போனால் யாரும் மிக்ஸியைத் தூக்கி எறிவதில்லை. பழைய கப்ளரைக் கழற்றி, காகிதத்தில் மடித்துக் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். "இதே மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே" என்கிறார்கள். மறுநாள் காலை சட்னி ரெடி. குக்கருக்கு கேஸ்கட், தையல் மிஷினுக்கு பெல்ட், சைக்கிளுக்கு பிரேக் கட்டை, எல்லாம் இந்தக் கணக்குதான். பாகம் வேறு, பொருள் வேறு என்கிற ஞானம் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு.

அதே வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் மக்கர் செய்தால் மட்டும் அந்த ஞானம் காணாமல் போய்விடும். மாமா சொல்வார், எதிர்வீட்டு அண்ணன் சொல்வார், சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்திருப்பவர் மானிட்டரைப் பார்த்தபடியே சொல்வார்: "ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்."

கேட்க எவ்வளவு புத்திசாலித்தனமாக இருக்கிறது பாருங்கள்! ஆனால் இது யாரும் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்ன வாக்கியம் இல்லை. கணக்கே போடவிடாமல் தடுக்கிற வாக்கியம். இதை நம்பித்தான் பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க வேண்டிய மாசக் கடைசியில் ஒரு நல்ல மிஷின் பரண் ஏறுகிறது, அப்பாவின் கடனில் இன்னொரு மிஷின் மேஜை ஏறுகிறது.

அந்த 'டடக் டடக்' சத்தம்

இந்த வாக்கியம் ஜெயிக்கிற நேரத்தைக் கவனிக்க வேண்டும். பிரிண்டர் முதல் தடவை நின்றபோது வீட்டில் ஒருவருக்காவது தைரியம் இருக்கும். திறந்து பார்ப்பார். ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ ரோலரோ ஹெட்டோ வாங்கி வந்து மாற்றுவார். மூடி, சுவிட்சைப் போடுவார். அப்போது முன்பு இல்லாத ஒரு சத்தம் வரும். வண்டி ஓரத்தில் போய் இடிக்கும். விளக்குகள் மாறி மாறிக் கண்ணடிக்கும். "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்பார் மாமா. கதை முடிந்தது.

உண்மையில் கதை முடியவில்லை. பாகம் மாற்றிய பிறகு வருகிற கோளாறு மூன்று வகை. ஒன்று, பாகம் சரியாக உட்காரவில்லை. இரண்டு, மாற்ற வேண்டிய பாகத்தை விட்டுவிட்டு வேறொன்றை மாற்றியாகிவிட்டது. மூன்று, பாகமும் சரி, மாட்டியதும் சரி, ஆனால் மிஷின் அதை ஏற்க மறுக்கிறது. முதல் இரண்டும் கைத்தொழில் சம்பந்தப்பட்டவை, மூன்றாவது வியாபாரம் சம்பந்தப்பட்டது. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாமல் ஒரே சிவப்பு விளக்கில் அடக்கி வைத்திருப்பதில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது.

முதலில் கைத்தொழில். இங்க்ஜெட்டுக்குள் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. ஒரு இரும்புக் கம்பி அல்லது தண்டவாளம். அதன்மேல் ஹெட்டைச் சுமந்து இடமும் வலமும் ஓடும் வண்டி. வண்டியை இழுக்கப் பல் வைத்த பெல்ட், ஒரு மோட்டார். காகிதத்தை இழுக்க ரப்பர் ரோலர்கள், பிளாஸ்டிக் பற்சக்கரங்கள், ஸ்பிரிங்குகள். ஓரத்தில் ஹெட் ஓய்வெடுக்கும் மூடி, அதற்கு அடியில் மை உறிஞ்சும் குட்டி பம்ப். அவ்வளவுதான்.

வண்டி போய் ஓரத்தில் இடிக்கிறதா? வண்டிக்குப் பின்னால், பெல்ட்டுக்கு இணையாக, ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் நாடா இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமாகக் கோடுகள் உண்டு. அந்தக் கோடுகளை ஒரு ஒளி சென்சார் எண்ணுவதால்தான் வண்டிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறது. இதற்குப் பெயர் என்கோடர் ஸ்ட்ரிப். பெல்ட்டையோ ஹெட்டையோ மாற்றும்போது நாடா சென்சாரின் பிளவை விட்டு வெளியே வந்திருக்கும், இல்லாவிட்டால் கிரீஸ் பட்ட விரல் அதில் பட்டிருக்கும். வண்டிக்குக் கண் கட்டிவிட்ட மாதிரி. இடிக்காமல் என்ன செய்யும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாடாவைப் பிளவுக்குள் நுழைத்து, நூல் உதிராத துணியை லேசாக ஈரமாக்கி மெல்லத் துடைத்தால் பார்வை திரும்பிவிடும்.

காகிதம் ஏறவில்லையா, அல்லது மூன்று நான்காக ஏறுகிறதா? பல மாடல்களில் காகிதம் எடுக்கும் ரோலர் முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதன் நிலை மாறி மாட்டினால் ரப்பர் காகிதத்தைத் தொட வேண்டிய நேரத்தில் தொடாது. புது ரப்பரில் விரலின் எண்ணெய் ஒட்டியிருந்தாலும் வழுக்கும். காகிதங்களைப் பிரித்துவிடும் சின்ன மெத்தைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் உண்டு. அது கழற்றியபோது எங்கோ தெறித்திருந்தால், போய்க் கட்டிலுக்கு அடியில் தேடுங்கள்.

உள்ளே காகிதமே இல்லை, ஆனாலும் 'பேப்பர் ஜாம்' என்கிறதா? காகிதம் போகும் வழியில் விரல் மாதிரி ஒரு கருப்பு பிளாஸ்டிக் நெம்பு நிற்கும். காகிதம் வந்தால் சாயும், போனால் நிமிரும். அதன் ஸ்பிரிங் கொக்கியில் மாட்டவில்லை என்றால் அது சாய்ந்தே கிடக்கும். பிரிண்டரைப் பொறுத்தவரை ஒரு பேய்க் காகிதம் நிரந்தரமாகச் சிக்கியிருக்கிறது.

ஹெட் புதிது, ஆனால் எத்தனை தடவை கிளீனிங் கொடுத்தாலும் கருப்பு வரவில்லையா? ஓய்வெடுக்கும் மூடியில் உள்ள பஞ்சில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு கிளீனிங் ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் பம்ப் உறிஞ்சவில்லை. பெரும்பாலும் மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ரப்பர் குழாய் கழன்றிருக்கும். இது தெரியாமல் இரண்டாவது ஹெட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெட்டுக்குப் போகும் பட்டைக் கேபிள் கோணலாகச் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேபிள் முனையில் மை ஈரம் இருக்கும்போதே பவர் கொடுத்தால் ஷார்ட் ஆகி, அஞ்சு நிமிஷ அவசரத்துக்கு போர்டே பலியாகும்.

வண்டி இழுத்து இழுத்து ஓடுகிறதா? யாராவது கம்பிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டிருப்பார்கள் :-) அது நாளாக நாளாகப் பிசின் ஆகிவிடும். சுத்தமாகத் துடைத்துவிட்டு, மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும்.

இதுவரை சொன்னதில் எதுவுமே "பிரிண்டர் போச்சு" ரகம் இல்லை. ஸ்க்ரூ டிரைவர், துணி, பொறுமை, இந்த மூன்றுக்கும் அடங்குகிற ரகம். அப்புறம் ஏன் இத்தனை பிரிண்டர்கள் பரண் ஏறுகின்றன?

ஒளித்து வைக்கப்பட்ட புத்தகம்

ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி ஒரு சர்வீஸ் மேனுவல் எழுதுகிறது. எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்றுவது, எந்த பாகத்தை மாற்றினால் அதற்குப் பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்ட் செய்ய வேண்டும் என்று அட்டவணை போட்டே இருக்கும். காசு கொடுத்து வாங்கியவருக்கு அது கிடைக்காது. அவருக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து மொழிகளில் "இந்த டேப்பை உரிக்கவும்" என்று சொல்லும் ஒரு மடிப்புத் தாள்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் அடிக்கடி காகிதம் சிக்கி நின்றது. ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்கு முந்தைய பிரிண்டரில், சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி சாஃப்ட்வேரை மாற்றி வைத்திருந்தார். புதியதிலும் அதையே செய்ய மூல நிரல் கேட்டபோது, ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது, தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தின் தொடர்ச்சிதான் 1983-ல் அவர் அறிவித்த குனு திட்டம், இன்றைய கட்டற்ற மென்பொருள் இயக்கம். ஒரு பேப்பர் ஜாமைச் சரிசெய்ய விடாததிலிருந்து இவ்வளவு பெரிய இயக்கமே கிளம்பியிருக்கிறது. ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் வீட்டு பிரிண்டரின் உள்விவகாரம் ஒளித்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

பஞ்சை மாற்றினாலும் பிரிண்டருக்குத் தெரியாது

இனி மூன்றாவது வகை, வியாபாரக் கோளாறு.

கிளீனிங் கொடுக்கும்போது உறிஞ்சப்படும் மை எங்கே போகிறது? பிரிண்டரின் அடியில் இருக்கும் ஒரு பஞ்சு மெத்தைக்குப் போகிறது. பஞ்சு ஒரு நாள் நிரம்பும். நிரம்பினால் மை மேஜையில் வழியும். ஆகவே நிரம்பும் முன் பிரிண்டர் நின்றுவிட வேண்டும். இதுவரை நியாயம்.

ஆனால் பல மாடல்களில் பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க எந்த சென்சாரும் கிடையாது. எத்தனை கிளீனிங் நடந்தது, எவ்வளவு மை போயிருக்கும் என்று உள்ளே ஒரு கவுன்ட்டர் கணக்கு மட்டும் வைக்கிறது. அந்த எண் எல்லையைத் தொட்டதும் பிரிண்டர் பூட்டிக்கொள்ளும். எப்சன் பிரிண்டர்களில் வரும் "பிரிண்டரின் உள்பாகங்களின் ஆயுள் முடிந்துவிட்டது" என்கிற செய்தி இதுதான். 2022-ல் இதைப் பற்றிப் பெரிய சர்ச்சையே கிளம்பியது. மை வழியாமல் தடுக்கும் ஏற்பாடு இது என்பது கம்பெனியின் விளக்கம்.

சரி, ஒருவர் பஞ்சை மாற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புத்தம் புதுப் பஞ்சு. இயந்திர ரீதியாக ரிப்பேர் முடிந்தது. சுவிட்சைப் போட்டால் அதே செய்தி! ஏனென்றால் கவுன்ட்டரில் எண் மாறவில்லை. மாற்றுவதற்கான சாஃப்ட்வேர் சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. அமெரிக்காவில் எப்சன் ஒரு ரீசெட் கருவி கொடுத்தது. அதுவும் ஒரே ஒரு தடவை, கொஞ்ச காலத்துக்கு மட்டும் வேலை செய்கிற மாதிரி. பிறகு வந்த பல மாடல்களில் வாங்கியவரே கழற்றி மாற்றும் மெயின்டனன்ஸ் பாக்ஸ் வைத்தார்கள். நல்லது. அப்படியானால் முன்பும் அது சாத்தியமாகத்தானே இருந்தது?

வீட்டுக் கூரையில் ஒரு ஓடு உடைந்து, புது ஓடு போட்டபின், "வீட்டின் ஆயுள் முடிந்தது, வெளியே போங்கள்" என்று கதவு தானாகப் பூட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? அந்த வீடு யாருடையது?

சரி, கணக்கைப் போடுவோம்

மார்க்கெட்டிங் புத்தகத்தில் இந்த வியாபாரத்துக்குப் பெயர் உண்டு: கேப்டிவ் புராடக்ட் பிரைசிங். ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி. பிரிண்டரை மலிவாகக் கொடு, மையில் சம்பாதி. கேப்டிவ் என்றால் சிறைப்பட்டது என்று அர்த்தம். புத்தகத்தில் சிறைப்பட்டிருப்பது கார்ட்ரிட்ஜ், வீட்டில் சிறைப்பட்டிருப்பது வாங்கியவர்.

உதாரணத்துக்குப் புது பிரிண்டர் 4,000 ரூபாய், ரிப்பேர் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "இன்னும் 2,500 போட்டா புதுசு" என்பார்கள். காஸ்ட் அக்கவுன்டிங் முதல் யூனிட் படித்தவர்களுக்கே தெரியும், பழைய பிரிண்டருக்குக் கொடுத்த காசு மூழ்கிய செலவு, அதை இங்கே சேர்க்கக்கூடாது. இனிமேல் போகிற காசைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வாங்கி வைத்த, இன்னும் பிரிக்காத கார்ட்ரிட்ஜ் புது மாடலில் பொருந்தாது, அது நஷ்டம். புது மாடலின் கார்ட்ரிட்ஜ் என்ன விலை, ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கடையில் யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. அதைவிட முக்கியம், அந்த 1,500 எதற்கு? கழன்ற ரப்பர் குழாய்க்கா, கவுன்ட்டர் பூட்டைத் திறக்கவா? என்ன கோளாறு என்றே தெரியாமல் இரண்டு விலையை ஒப்பிடுவது எப்படிக் கணக்காகும்?

கம்பெனிகள் இந்தக் கணக்கை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு 2016 செப்டம்பர் 13 ஒரு சாட்சி. முந்தின நாள் வரை வேலை செய்த வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை எச்பியின் பல ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் அன்றைக்கு உலகம் முழுக்க மறுக்க ஆரம்பித்தன. முன்பே வைக்கப்பட்ட ஃபர்ம்வேரின் வேலை. எதிர்ப்பு கிளம்பியதும் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று எச்பி மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேரை வெளியிட்டது. மற்ற கம்பெனி கார்ட்ரிட்ஜ்களுக்கு உள்ள தடையைச் சரியாகச் சொல்லாதது உள்ளிட்ட காரணங்களுக்காக 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் எச்பி மீது 1 கோடி யூரோ அபராதம் போட்டது. அன்றைக்கு வீட்டில் "கார்ட்ரிட்ஜ் மாற்றியதும் பிரிண்டர் போச்சு" என்று தலையில் கைவைத்தவர்கள் எத்தனை பேரோ!

எதிர்க்கட்சி வாதங்கள்

"பஞ்சை மாற்றாமல் கவுன்ட்டரை மட்டும் ரீசெட் செய்தால் மை வழியுமே?" வழியும். மேஜை, தரை, சட்டை எல்லாம் நாசமாகும். அதனால்தான் பஞ்சையும் ரீசெட்டையும் சேர்த்தே விற்க வேண்டும். பூட்டி வைத்ததால் என்ன ஆயிற்று? எங்கிருந்தோ வந்த வைரஸ் கலந்த கிராக் சாஃப்ட்வேரை ஆட்கள் ஓட்டுகிறார்கள். பஞ்சைத் தொடுவதே இல்லை. பாதுகாப்புக்கு வைத்த பூட்டு அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது.

"டூப்ளிகேட் பாகம் போட்டால் மிஷின் கெட்டுப்போகுமே?" போகலாம். மட்டமான மையால் ஹெட் அடைப்பதும் உண்மை. அந்த ரிஸ்க் வாங்கியவருடையது. அந்தப் பாகத்தால் வந்த சேதத்துக்கு வாரன்டி கிடையாது என்று சொல்லுங்கள், நியாயம். மிஷினையே ஓடவிட மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

"நம்ம ஊர் மெக்கானிக்குகள் லட்சணம் தெரியாதா?" தெரியும். கோளாறைக் கண்டுபிடிக்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பில் போடுகிறவர்கள் உண்டு. நாலு ஸ்க்ரூ மிச்சம் வைத்து மூடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் மேனுவல் கொடுக்காமல், டயக்னாஸ்டிக் சாஃப்ட்வேர் கொடுக்காமல், அட்ஜஸ்ட்மென்ட் அட்டவணை கொடுக்காமல் வைத்துவிட்டு, "பாருங்கள், இவர்களுக்கு வேலை தெரியவில்லை" என்று சொல்வது கேள்வித்தாளையும் புத்தகத்தையும் ஒளித்துவிட்டு ஃபெயில் போடுகிற மாதிரி.

தெருவோர மூளைகளைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல் இந்தோனேசியா போன்ற நாடுகளில் ஆட்கள் பிரிண்டருக்கு வெளியே மை பாட்டில் கட்டி, குழாய் இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2010-ல் எப்சன் அதே இந்தோனேசியாவில்தான் மை டேங்க் வைத்த பிரிண்டரை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஜெராக்ஸ் கடை முதல் வீடு வரை டேங்க் பிரிண்டர்தான். குழாய் சொருகியவன் வாரன்டியை மீறியவன், அதையே கம்பெனி செய்தால் புதுமை. என்ன நியாயமோ!

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சிலருக்குத் தொகை குறைந்தது, அது வேறு விஷயம். கார் வாங்கியவருக்குத் தன் காரை எங்கே ரிப்பேர் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வேண்டும் என்பது அங்கே ஏற்கப்பட்டுவிட்டது. 4,000 ரூபாய் பிரிண்டருக்கு அது பொருந்தாதா?

2022 டிசம்பரில் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்காக ஒரு இணையவாசல் திறந்தது. கம்பெனிகள் தகவல் கொடுத்தால் அதில் போடுவார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று தனிச் சட்டம் இல்லை. கலிஃபோர்னியாவில் 2023-ல் சட்டமே போட்டார்கள், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. 50 டாலர் முதல் 100 டாலருக்குள் உள்ள மின்னணுப் பொருட்களுக்கு 3 வருஷம், 100 டாலரும் அதற்கு மேலும் என்றால் 7 வருஷம், பாகமும் கருவியும் மேனுவலும் தர வேண்டும். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கேட்க வேண்டியது மூன்றே மூன்றுதான். ஒன்று, சர்வீஸ் மேனுவலை எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுங்கள். இரண்டு, ரோலர், பஞ்சு, பெல்ட், மூடி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் விலை போட்டுத் தனித்தனியாக விற்றுவிடுங்கள். மூன்று, மாற்றிய பாகத்தை மிஷின் ஏற்றுக்கொள்வதற்கான ரீசெட்டைப் பாகத்தோடு சேர்த்துக் கொடுங்கள். இதில் இலவசம் ஒன்றும் இல்லை.

அது நடக்கும்வரை வாங்கியவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு போட்டோ. ஸ்க்ரூக்களை இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகம், மாட்டியதும் ஒரு சோதனை. கோளாறு மாறினால் கடைசியாகத் தொட்ட இடத்துக்கே திரும்பிப் போவது. சர்வீஸ் சென்டரில் "போச்சு" என்று சொன்னால், "எந்த பாகம் போச்சு? எழுதிக் கொடுங்க" என்று கேட்பது. அந்த ஒரு கேள்விக்கு எத்தனை பிரிண்டர்கள் பிழைக்கும் என்று பார்க்கலாம்.

நிஜமாகவே உயிர் போன மிஷின் என்றால் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடலாம், வருத்தமில்லை. பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் மின்கழிவு விதிகளின் பட்டியலில் இருப்பவைதான். ஆனால் ஒரு ஸ்பிரிங் கழன்றதற்கும் ஒரு எண் நிரம்பியதற்கும் கருமாதி செய்யக்கூடாது.